வாசலில் நின்ற உறுப்பினர்

சென்ற ஆண்டு ஒரு மாணவர் அமைப்பின் செயற்குழுவிற்கு நான் தேர்ந்தெடுக்கப்பட்டேன். பதவி ஏற்கும் நாளன்று ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். என் கடமையைச் செவ்வனே செய்வதாகக் கடவுளின் பெயரால் ஆணையிட்டுக் கூற வேண்டும் என்றார்கள். நான் கடவுள் நம்பிக்கை உடையவன் அல்லன். அதை நண்பர்களிடம் மறைத்தவனும் அல்லன். ஆயினும் அன்று தாளை வாங்கினேன், உரக்கப் படித்தேன், கையெழுத்திட்டேன், நாற்காலியில் அமர்ந்தேன். எல்லாம் ஒரு நிமிடத்தில் முடிந்தது.

எனக்கு அடுத்து வந்த நண்பரோ, காலையில் வழிபாடு செய்யாமல் காப்பிகூடக் குடிக்காதவர். அவர் தாளைப் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். விழாவுக்கும் விருந்துக்கும் கணக்கு எழுதுகிற வேலைக்கு இறைவனைச் சாட்சிக்கு இழுக்கத் தமக்கு மனம் இல்லை என்றும், தம் சொல்லை நம்பினால் போதும் என்றும் சொன்னார். விதியில் அதற்கு இடமில்லை என்றார்கள். அவர் சிரித்துக்கொண்டே வெளியே போய்விட்டார். நம்பாத நான் உள்ளே; நம்புகிற அவர் வெளியே!

இந்தக் கணக்கு எங்கோ பிழைபட்டிருக்கிறது என்று எனக்கு அன்றே தோன்றியது. பிழை இன்னது என்று விளங்கியது சார்லஸ் பிராட்லாவின் வாழ்க்கையைப் படித்தபோதுதான். சமயம் பொதுவாழ்வில் செல்வாக்கு இழந்து வருகிறது என்று பெரியோர் பலர் வருந்துகின்றனர்; இளைஞர் பலர் மகிழ்கின்றனர். வருந்துவோரும் மகிழ்வோரும் ஒருங்கே அறிந்துகொள்ள வேண்டிய வரலாறு இவருடையது.

பிராட்லா 1833-ஆம் ஆண்டு செப்டம்பர் 26-ஆம் நாள் கிழக்கு லண்டனில் உள்ள ஹாக்ஸ்டனில் பிறந்தார். தந்தையார் ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தர். வறிய குடும்பம். பதினொன்றாம் வயதிலேயே பள்ளிப் படிப்பு நின்றது. அலுவலகத்தில் எடுபிடி வேலை பார்த்தார். பிறகு ஒரு நிலக்கரி வணிகரிடம் கணக்கெழுதினார். பிறவி நாத்திகர் அல்லர் அவர். ஞாயிறுதோறும் கோவிலில் சிறுவர்களுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்த பக்தியுள்ள இளைஞர்.

அவ்வூர்ப் பாதிரியார் பாக்கர் என்பவர், பிஷப் வரும்போது கேட்கப்படும் வினாக்களுக்கு விடை சொல்லத் தயாராகும்படி பிராட்லாவிடம் சொன்னார். உழைப்பில் குறைவைக்காத பையன் இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கொள்கைகளையும் நான்கு சுவிசேஷங்களையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் படித்தான். சில இடங்கள் பொருந்தவில்லை. ஐயத்தைத் தீர்த்து வைக்குமாறு பாதிரியாருக்குப் பணிவாகக் கடிதம் எழுதினான். வந்தது விளக்கம் அன்று, தண்டனை. கேள்வி கேட்டதே நாத்திகம் என்று கூறி, மூன்று மாதம் பாடம் நடத்தக் கூடாதென்று விலக்கிவைத்தார் பாதிரியார். பிணக்கு வளர்ந்தது, குடும்பத்திலும் புகுந்தது. பதினாறு வயதுப் பிள்ளை வீட்டையும் வேலையையும் விட்டு வெளியேறினான். எழுத்துரிமைக்காகச் சிறை சென்ற ரிச்சர்டு கார்லைலின் துணைவியார்தாம் அவனுக்குப் புகலிடம் கொடுத்தார். ஒரு கேள்விக்குப் பொறுமையாக விடை சொல்லியிருந்தால் திருச்சபைக்கு ஒரு நல்ல ஆசிரியர் கிடைத்திருப்பாரோ என்னவோ!

பசி அவரைப் படையில் சேர்த்தது. 1850-இல் குதிரைப் படையில் சேர்ந்து அயர்லாந்தில் மூன்று ஆண்டுகள் பணியாற்றினார். குத்தகை கொடுக்க முடியாத குடியானவர்கள் குடிசையிலிருந்து துரத்தப்படும் கொடுமையை அங்கே கண்ணால் கண்டார். உறவினர் ஒருவர் விட்டுச்சென்ற சிறு பணத்தைக் கொடுத்து 1853-இல் படையிலிருந்து விடுபட்டார். லண்டன் திரும்பி வழக்கறிஞரிடம் எழுத்தரானார். பகலில் சட்டம், மாலையில் மேடை. பட்டமில்லாத அந்த எழுத்தர் பின்னாளில் தம் வழக்குகளைத் தாமே வாதாடி, நாட்டின் பெரிய வழக்கறிஞர்களையும் திணற வைத்தார். 1860-இல் நேஷனல் ரிபார்மர் என்னும் இதழ் தொடங்கியது. 1866-இல் தேசிய மதச்சார்பின்மைச் சங்கத்தை நிறுவி அதன் தலைவரானார். 1880-களில் சென்னையில் தத்துவ விவேசினி என்னும் தமிழ் இதழை நடத்திய சிந்தனையாளர்களும் இந்த இயக்கத்தோடு தொடர்பு கொண்டிருந்தவர்களே.

அந்நாளில் ஆங்கில நீதிமன்றங்களில் ஒரு விந்தையான முறை இருந்தது. கடவுள்மேல் ஆணையிட்டவரே சாட்சி சொல்லலாம். நாத்திகரின் ஆணைக்குப் பொருளில்லை. ஆகவே அவர் சாட்சியும் செல்லாது. நாத்திகர் ஒருவர் தமக்கு வரவேண்டிய பணத்துக்காக வழக்காடினாலும் தம் வாயால் உண்மையைச் சொல்ல வழியில்லை. எதிரி அதை அறிந்தால் வழக்கு முடிந்தது. பிராட்லாவே இதற்கு இரையானார். ஒரு வழக்கில் அவர் சாட்சியம் மறுக்கப்பட்டது. மேல்முறையீடு, மேல்முறையீடு என்று அவர் விடாமல் போராடினார். 1869, 1870 ஆகிய ஆண்டுகளில் சாட்சியச் சட்டம் திருத்தப்பட்டு, ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்று ஆயிற்று.

நீதிமன்றக் கதவு திறந்தது. அடுத்தது பார்லிமெண்ட். செருப்புத் தைக்கும் தொழிலாளர் நிறைந்த நார்தாம்டன் தொகுதியில் 1868-இல் நின்று தோற்றார். தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் அவருடைய தேர்தல் செலவுக்குப் பத்துப் பவுன் அனுப்பினார். நாத்திகருக்கு உதவினார் என்ற பழி, அதே தேர்தலில் மில் தம் வெஸ்ட்மினிஸ்டர் இடத்தை இழந்ததற்கு ஒரு காரணமாயிற்று. 1874-இல் பிராட்லா இருமுறை நின்றார், இருமுறையும் தோற்றார். 1877-இல், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு சிறு நூலை வெளியிட்டதற்காக அவர்மீதும் அன்னி பெசண்ட் அம்மையார்மீதும் வழக்குத் தொடரப்பட்டது. ஆறு மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு, மேல்முறையீட்டில் நீங்கியது. இத்தனை அவப்பெயரையும் தாங்கிக்கொண்டு 1880-இல் நான்காம் முறை நின்றார். 3,827 வாக்குகள் பெற்று வென்றார்.

உறுப்பினர் ஒவ்வொருவரும் அரசிக்கு விசுவாசமாக இருப்பதாகக் கடவுளைச் சாட்சி வைத்து ஆணையிட வேண்டும். 1880 மே 3-ஆம் நாள் பிராட்லா சபைக்கு வந்து, ஆணைக்குப் பதில் உறுதிமொழி கூற அனுமதி கேட்டார். அது புதுமையான வேண்டுகோள் அன்று. ஆணையிடுதல் வேத விரோதம் என்று கருதிய குவேக்கர் சமயத்தினர் ஏற்கெனவே அவ்வுரிமையைப் பெற்றிருந்தனர். ஜோசப் பீஸ் என்னும் குவேக்கர் 1833-லேயே உறுதிமொழி கூறி அமர்ந்தவர். காப்பி குடிக்காத என் நண்பரின் உறவினர்கள் இவர்கள் என்று நான் எண்ணிக்கொண்டேன்! ஆனால் பிராட்லாவின் வேண்டுகோளை ஆராய்ந்த குழு ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் அவருக்கு அவ்வுரிமை இல்லை என்று முடிவு செய்தது.

சரி, அப்படியானால் மற்றவர்களைப்போல் நானும் ஆணையே இடுகிறேன் என்று அவர் முன்வந்தார். அதன் இறுதிச் சொற்கள் தமக்குப் பொருளற்றவை என்றும், எனினும் அதன் கருத்துக்குத் தாம் முழுதும் கட்டுப்படுவதாகவும் வெளிப்படையாக எழுதினார். உடனே எதிர்க்கட்சியினர் எழுந்தனர். நம்பாதவன் ஆணையிடுவது தெய்வ நிந்தனை என்றனர். உறுதிமொழியும் கூடாது, ஆணையும் கூடாது என்றால் தேர்ந்தெடுத்த மக்களின் வாக்குக்கு என்ன பொருள்?

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். நார்தாம்டனுக்கு இரண்டு உறுப்பினர்கள். மற்றவர் ஹென்றி லபூஷேர். அவரும் கடவுள் நம்பிக்கை இல்லாதவரே. அதைப் பெரிதாக வெளியில் சொல்லவில்லை. ஆணையிட்டார், அமர்ந்தார், யாரும் ஒரு சொல் கேட்கவில்லை. ஒரே ஊர், ஒரே கட்சி, ஒரே கருத்து. வாய் மூடியிருந்தவர் உள்ளே. வாய் திறந்தவர் வெளியே.

சோதனைச்சாலையில் நாங்கள் வடிதாளைப் பயன்படுத்துகிறோம். கலங்கலைத் தடுத்துத் தெளிந்த நீரை விட வேண்டியது அதன் வேலை. கலங்கலை விட்டுவிட்டுத் தெளிந்த நீரை மட்டும் தடுக்கும் வடிதாள் ஒன்று இருந்தால் அதைக் குப்பையில் எறிவோம். சமய ஆணை என்னும் சோதனை அத்தகையது. பொய்யன் அதற்கு அஞ்சமாட்டான்; அலட்சியக்காரனுக்கு அது ஒரு நிமிட வேலை. அது தடுப்பது உண்மையைச் சொல்பவனை மட்டுமே.

1880 ஜூன் 22-ஆம் நாள், அவர் ஆணையிடவும் கூடாது, உறுதிமொழி கூறவும் கூடாது என்று சபை 275-க்கு 230 வாக்குகளால் தீர்மானித்தது. மறுநாள் பிராட்லா சபையில் தம் உரிமையை எடுத்துரைத்து, வெளியேற மறுத்தார். பார்லிமெண்டின் மணிக்கூண்டில் ஓர் இரவு சிறை வைக்கப்பட்டார். பிறகு பிரதமர் கிளாட்ஸ்டன் முயற்சியால், சட்டத்தின் விளைவுக்குத் தாமே பொறுப்பு என்னும் நிபந்தனையோடு உறுதிமொழி கூறி அமர்ந்தார். உடனே ஒருவர் வழக்குத் தொடுத்தார். ஆணையிடாமல் அளித்த ஒவ்வொரு வாக்குக்கும் 500 பவுன் அபராதம்! அவ்வழக்கிற்குப் பின்னால் நின்று பணம் கொடுத்தவர் நியூடிகேட் என்னும் எதிர்க்கட்சி உறுப்பினர் என்பது பின்னர் வெளிப்பட்டது. 1881-இல் நீதிமன்றம் பிராட்லாவின் இடம் காலி என்றது. நார்தாம்டன் மக்கள் ஏப்ரலில் மீண்டும் அவரையே அனுப்பினர். சபை மீண்டும் மறுத்தது.

1881 ஆகஸ்டு 3-ஆம் நாள் நடந்ததை மறக்க முடியாது. தம் இடத்தைக் கேட்டு வந்த பிராட்லாவைக் காவலரும் சபை ஊழியரும் பலராகச் சேர்ந்து படிகளில் இழுத்துக்கொண்டுபோய் வெளிமுற்றத்தில் தள்ளினர். நல்ல உயரமும் வலிமையும் உடையவர், உடை கிழிந்தது, கைகள் காயமுற்று நோயில் விழுந்தார். வெளியே அவர்பால் அன்புகொண்ட பெருங்கூட்டம் மனுக்களோடு நின்றது. ஒரு சைகை போதும், கலவரம் வெடித்திருக்கும். அவர் செய்யவில்லை, அன்னி பெசண்டும் கூட்டத்தைப் பொறுமையோடு தடுத்து நிறுத்தினார்.

1882 பிப்ரவரியில் அவர் கையில் வேதப் புத்தகத்தோடு சபை நடுவே சென்று, தமக்குத் தாமே ஆணை செய்துகொண்டு கையெழுத்திட்டார். சபை அவரை நீக்கியது. தொகுதி மீண்டும் அனுப்பியது. 1884-இலும் அவ்வாறே. நீதிமன்றத்தை நாடினார், சபையின் உள்விவகாரத்தில் தலையிடோம் என்றது நீதிமன்றம். பிராட்லா எதிர் காசெட் என்னும் அவ்வழக்கைச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கின்றனர்.

இவ்வாறு ஆணையிட முன்வந்தது சரியா? நான் இதைப் பலமுறை எண்ணிப் பார்த்தேன். பொருளற்றது என்று தாமே சொன்ன சொற்களைச் சொல்ல இசைந்தது அவருடைய வாதத்தை வலிவிழக்கச் செய்தது என்பதே என் கருத்து. நண்பர்களே அவரை அதற்காகக் கடிந்தனர். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. அவர் எதையும் மறைக்கவில்லை. அந்தச் சொற்களைப் பற்றித் தம் மனத்தில் இருப்பதை முன்கூட்டியே உலகறியச் சொல்லிவிட்டு வந்தார். நான் அந்தத் தாளைப் படித்த அன்று அப்படிச் சொல்லவில்லை.

இந்தப் போராட்டத்தில் யார் கடவுளின் பக்கம் நின்றார்கள்? கார்டினல் மேனிங் போன்ற சமயத் தலைவர்கள் உண்மையான கவலையோடு எதிர்த்தனர், அவர்களை மதிக்கலாம். ஆனால் சபையில் முன்னணியில் நின்ற ராண்டால்ப் சர்ச்சிலுக்கும் அவர் கூட்டத்தாருக்கும் கிளாட்ஸ்டனை அலைக்கழிக்க ஒரு தடி தேவைப்பட்டது, கடவுளைத் தடியாக்கிக்கொண்டனர். கிளாட்ஸ்டனோ தம் காலத்து அரசியல்வாதிகளில் ஆழ்ந்த கிறித்துவ பக்தி உடையவர். பிராட்லாவின் கொள்கை அவருக்கு அறவே உடன்பாடன்று. அவரே 1883-இல் உறுதிமொழி மசோதாவுக்காக எழுந்து, தம் வாழ்நாளின் சிறந்த பேச்சுகளுள் ஒன்றை நிகழ்த்தினார். யூதருக்குக் கதவு திறந்த பின், கிறித்துவே தேவையில்லை, ஏதோ ஒரு கடவுள் பெயர் இருந்தால் போதும் என்று எல்லை வகுப்பது கிறித்துவ சமயத்துக்கு எவ்வகையிலும் பெருமையாகாது என்பது அவர் வாதத்தின் சாரம். மசோதா 292-க்கு 289 என்று மூன்றே வாக்குகளில் தோற்றது. ஆயினும் வாதம் தோற்கவில்லை.

அந்த நூற்றாண்டு முழுவதுமே இந்த எல்லை பின்வாங்கிக்கொண்டே வந்திருக்கிறது. கத்தோலிக்கருக்கு 1829-இல் இடம் கிடைத்தது. 1847-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட யூதரான லயனல் ராத்சைல்டு 1858-வரை பதினோரு ஆண்டுகள் வாசலில் காத்திருந்தார். ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகங்களில் சமயச் சோதனை 1871-இல் நீக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் சமயம் அழிந்துவிடும் என்ற கூக்குரல் எழுந்தது. அழிந்தது சமயம் அன்று. வாயிற்காவலன் வேலையே சமயத்தின் கையைவிட்டுப் போயிற்று.

1885 பொதுத் தேர்தலில் பிராட்லா மீண்டும் வென்றார். 1886 ஜனவரி 13-ஆம் நாள், புதிய சபாநாயகர் ஆர்தர் பீல், உறுப்பினர் ஒருவர் ஆணையிடும்போது குறுக்கிட எவருக்கும் உரிமையில்லை என்று கண்டிப்பாகக் கூறிவிட்டார். ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் ஐந்து தேர்தல் வெற்றிகளுக்குப் பிறகு பிராட்லா தம் இடத்தில் அமர்ந்தார். இரண்டே ஆண்டுகளில், 1888-இல், விரும்புவோர் ஆணைக்குப் பதிலாக உறுதிமொழி கூறலாம் என்னும் சட்டத்தை அவரே கொண்டுவந்து நிறைவேற்றினார். நம்பாதவருக்கு மட்டுமன்று, சமய நம்பிக்கை காரணமாகவே ஆணையிட மறுப்பவருக்கும் அச்சட்டம் பொருந்தும். தம்மை வெளியே தள்ளியவர்களைப் பழிவாங்கும் சட்டம் அன்று அது. இருவர்க்கும் இடம் தந்த சட்டம்.

சபையில் நம் நாட்டுக்காக அவர் எழுப்பிய குரல் அவருக்கு இந்தியாவின் உறுப்பினர் என்ற பெயரை ஈட்டித் தந்தது. கடும் நோயிலிருந்து தேறி, 1889 டிசம்பரில் பம்பாய்க் காங்கிரசுக்கு வந்தார். திலகமிட்டவரும் தொப்பியணிந்தவரும் சிலுவை தரித்தவரும் அந்த நாத்திகரை ஒருங்கே வரவேற்றனர். அவர் தம்மைப்போல் நம்பினாரா என்று யாரும் கேட்கவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாரா என்றே பார்த்தனர். அவர் காத்தார், திரும்பிச் சென்று 1890-இல் இந்திய சட்டசபைகளைச் சீர்திருத்த ஒரு மசோதாவைக் கொண்டுவந்தார். அவர் பெயரால் லாகூரில் எழுந்த பிராட்லா மண்டபத்தில்தான் பின்னர் லாலா லஜபதி ராயின் தேசியக் கல்லூரி நடந்தது. பகத்சிங் அங்கே படித்தவர்.

அன்னி பெசண்டின் பாதை வேறாயிற்று. அவர் 1889-இல் பிரம்மஞான சபையைச் சார்ந்தார். 1893-இல் இந்தியா வந்தார். சென்னை அடையாற்றில் தங்கிப் பணியாற்றினார். 1898-இல் காசியில் மத்திய இந்துக் கல்லூரியை நிறுவினார். பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்துக்கு வித்து அதுவே. நம்பிக்கை ஒருவரிடம் போவதும் வருவதும் அவரவர் உள்ளத்தின் செயல். அதைச் சட்டம் அளந்து பார்க்க முடியாது என்பதற்கு இவ்விருவர் நட்பைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

1891 ஜனவரி 27-ஆம் நாள், பதினோர் ஆண்டுகளுக்கு முன் பிராட்லாவைத் தடுத்த தீர்மானத்தைத் தன் ஏடுகளிலிருந்து நீக்கிவிடக் காமன்ஸ் சபை முடிவு செய்தது. அவர் அப்போது மரணப்படுக்கையில் நினைவிழந்து கிடந்தார். அச்செய்தி அவர் காதுக்கு எட்டவில்லை. ஜனவரி 30-ஆம் நாள், தம் ஐம்பத்தேழாம் வயதில் மறைந்தார். புரூக்வுட் இடுகாட்டில் சடங்கு எதுவுமின்றி அடக்கம் நடந்தது. லண்டனில் இருந்த இந்தியர்கள் திரண்டு வந்தனர். அவர்களுள் ஒருவர் சட்டம் பயின்றுகொண்டிருந்த இருபத்தொரு வயது இளைஞர். பெயர் மோகன்தாஸ் காந்தி. நாத்திகத்தில் தமக்கு ஈர்ப்பில்லை என்று எழுதிய அந்தப் பக்தர், நாத்திகரின் அடக்கத்துக்குப் போனதையும் தம் சுயசரிதையில் பதிந்து வைத்திருக்கிறார். சில பாதிரிமார்களும் வந்திருந்தனராம்.

அந்தச் சபையில் இன்றும் ஒவ்வொரு நாளும் கூட்டம் பிரார்த்தனையோடுதான் தொடங்குகிறது. விரும்புவோர் வருகின்றனர், விரும்பாதோர் அது முடிந்தபின் வருகின்றனர். 1950-இல் நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையைப் புரட்டிப் பாருங்கள். அமைச்சர் முதல் நீதிபதி வரை, கடவுளின் பெயரால் ஆணையிடலாம், அல்லது உளமார உறுதி கூறலாம். இரண்டும் அடுத்தடுத்து அச்சிடப்பட்டுள்ளன. ஒன்றைவிட மற்றொன்று தாழ்ந்தது என்று எங்கும் சொல்லவில்லை.

சமயம் பொதுவாழ்வில் இழந்தது என்ன என்று இப்போது எனக்கு விளங்குகிறது. தன் பெயரைப் பொய்யாகச் சொல்ல வைக்கும் அதிகாரத்தை அது இழந்தது. பக்தர்கள் அதற்காக வருந்த வேண்டியதில்லை. என்னைப் போன்றவர்கள் இதை வெற்றி என்று கொண்டாடவும் வேண்டியதில்லை. ஏனெனில் நம் பொறுப்புத்தான் கூடியிருக்கிறது. கடவுளைச் சாட்சிக்கு அழைப்பவனுக்கு மேலே ஒரு காவல் உண்டென்ற அச்சமாவது இருக்கிறது. உறுதிமொழி கூறுகிறவனுக்கு அவன் சொல்லே காவல். அது தவறினால் வேறு துணையில்லை. பிராட்லா தம் சொல்லுக்காக ஆறு ஆண்டுகள் வாசலில் நின்றார். நான் ஒரு நாற்காலிக்காக ஒரு நிமிடமும் நிற்கவில்லை.

இதை நண்பரிடம் சொன்னேன். எந்தத் தாளிலும் கையெழுத்திடுமுன் ஒருமுறை படித்துப் பார்ப்பது நல்ல பழக்கம் என்று மட்டும் அவர் சொன்னார். அந்த அமைப்பின் அடுத்த பொதுக்குழுவில் அந்தத் தாளில் இரண்டு வழிகளையும் சேர்க்கும்படி ஒரு தீர்மானம் கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய நண்பர் இசைந்திருக்கிறார். தீர்மானம் நிறைவேறினால் நான் மறுபடியும் எழுந்து நின்று, என் உறுதிமொழியை இம்முறை என் சொல்லாகவே கூறுவேன்.